மெஸ்ஸை வைத்துக் காதல் படம் எடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சிக்கென்றே காதல் படம் எழுதுகிறவர்கள், எடுக்கிறவர்கள், ஒளிபரப்புகிறவர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு மெஸ்ஸை வைத்து நீங்கள் எடுத்த படத்தை எங்கள் தெருவில் பார்க்காதவர்கள் இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு உங்களுக்கு வந்துவிடும். பார்த்துவிட்டு என்ன பேசிக்கொண்டார்கள் என்பது வராது. அதற்காகத்தான் இந்த மடல். நானும் வீட்டுக்காரரும் இங்கே ஒரு சின்ன மெஸ் நடத்துகிறோம். கல்லா என் பொறுப்பு. அதனால் சாப்பிட வருகிறவர்கள் சொன்னதும் அடுப்படியில் நிற்கிறவர்கள் சொன்னதும் என் காதில் விழுந்தன.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரி கடை அடைத்த பிறகு கதாநாயகி தனியாக உட்கார்ந்து பணம் எண்ணுகிறாளே, அந்த இடம். கறிக்கடைக்கு, பால்காரருக்கு, வாழை இலைக்கு என்று பிரித்து வைக்க வைக்க, கையில் ஒன்றும் நிற்பதில்லை. மறுபடியும் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறாள். இரண்டாவது தடவை எண்ணினால் கூடப்போவதில்லை என்று தெரியும், ஆனாலும் எண்ணத்தான் தோன்றும். யாரோ ஒரு மெஸ்காரம்மாவிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் அதை எழுதியிருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம், கதாநாயகன் அவள் பின்னாலேயே சுற்றித் தொந்தரவு பண்ணவில்லை. அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் சிலர் எங்களிடம் மாதக் கணக்கில் சாப்பிடுகிறார்கள். அவர்கள் பெரிதாகப் பாராட்டியது இதைத்தான். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னதும் ஒதுங்கி நிற்கிற பையனைத் திரையில் பார்க்கவே நன்றாக இருந்தது என்றார்கள்.

இனி மனக்குறை.

படத்து மெஸ் கானாடுகாத்தான் வீடு ஒன்றில் நடக்கிறது. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முகம் தெரிகிற மாதிரி இழைத்த சுண்ணாம்புச் சுவர். கதாநாயகி வட்டி கட்ட வழியில்லாமல் அழும்போது பின்னால் அந்தத் தூண்கள்தான் நிற்கின்றன. ‘ஒரு நிலைக்கதவை வித்தாலே பாதிக் கடன் அடைஞ்சிருமே’ என்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். அது எங்களுக்குச் சாதாரணப் பேச்சில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள், பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட வீடுகளின் கதவும் தூணும் சாமானும் விலைக்கு நிற்கின்றன. எங்களைப் போன்றவர்களின் மெஸ்ஸில் தகரக் கூரை, குழல் விளக்கு, கை கழுவ வாசலோரம் ஒரு குழாய். அந்த இடத்திலும் அழகாகப் படம் எடுக்கலாம் என்று நம்புகிறவர்கள் உங்களில் யாராவது இருப்பார்கள்.

அந்தப் பெரிய வீட்டைக் கதாநாயகன் ஒரே கையெழுத்தில் வாங்கப் பார்க்கிறான். இங்கே அது நடக்கிற காரியமா? ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார்கள். கல்யாணம், அறுபது வயதுச் சாந்தி என்றால் எல்லோரும் வந்து கூடுவார்கள். மற்ற நாளில் சாவி காவல்காரரிடம். கூரை ஓடு மாற்றக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். வில்லனே வேண்டாம், கதைக்கு இதுவே போதுமான சிக்கல். கையில் இருந்ததை விட்டுவிட்டு, பெரிய ஓட்டல் முதலாளி ஒருவரை எங்கிருந்தோ கொண்டுவந்து கத்த விட்டீர்கள்.

சமையலுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் படத்தைப் போட்டீர்கள், எங்களுக்கு அப்போது இலை போடவே ஆள் போதாது. ஆகவே ராத்திரி மறுபடி போட்டபோதுதான் மெஸ் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். கொதிக்கிற கோழிக் குழம்பில் கதாநாயகி ஒரு கை கல்பாசியை அள்ளி மல்லித்தழை மாதிரி மேலே தூவினாள். எங்கள் அடுப்படி ஆச்சி ‘ஐயையோ’ என்று கத்தியேவிட்டார். கல்பாசி பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கிற பாசி. எண்ணெய் காய்ந்ததும் பட்டை, சோம்போடு துளி கிள்ளிப் போட வேண்டியது. எண்ணெயில் பட்டால்தான் மணம் எழும், கொஞ்சம் அசந்தால் கருகிப்போகும். கூடிப்போனால் குழம்பே மண்வாடை அடிக்கும். அப்புறம் கறுப்புக் கவுனி அரிசி. ராத்திரியே ஊறப் போட்டு, காலையில் நின்று வேகவைத்து, சீனியும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்க்கிற பண்டம். பர்மாவுக்குத் தொழிலுக்குப் போன நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள் வழியாக இங்கே வந்து, கல்யாண விருந்தில் இடம் பிடித்தது. அதை ஒரு பாட்டு முடிவதற்குள் கிண்டி இறக்கிவிட்டாள். எல்லாக் குழம்பும் ரத்தச் சிவப்பு, சாப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் காரம் மட்டும்தான் என்று வெளியூர் ஓட்டல் பலகைகள் சொல்லிக்கொண்டிருப்பது போதாதா?

மெஸ்ஸைக் காப்பாற்றுவது அப்பத்தா ஒளித்து வைத்த ரகசிய மசாலாப் பொடி. இதற்குத்தான் எங்கள் மாஸ்டருக்கு ரொம்ப வருத்தம். ரகசியம் என்று எதுவும் கிடையாது. யார் கேட்டாலும் மல்லி இவ்வளவு, மிளகு இவ்வளவு, சீரகம், சோம்பு, வரமிளகாய், அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு என்று வாய்விட்டுச் சொல்வோம். விடியுமுன் எழுந்து, நேற்று வறுத்த அதே பதத்தில் இன்றைக்கும் வறுப்பதுதான் கஷ்டம். ஆள் வராத நாளிலும், கேஸ் தீர்ந்த நாளிலும், வீட்டில் காய்ச்சல் என்ற நாளிலும் அதே பதம் வர வேண்டும். மெஸ் நிற்பது அதனால்தான். அந்த உழைப்பை எடுத்துவிட்டு ஒரு பொட்டலத்தை வைத்தீர்கள்.

காதலிலும் இதே குறைதான். இரண்டு பேரும் மெஸ்ஸில் பழகுகிறார்கள், ஆனால் மெஸ் வேலைக்கும் அவர்கள் காதலுக்கும் ஒட்டே இல்லை. கதையைத் தூக்கித் துணிக்கடையில் வைத்தாலும் ஒரு வசனம் மாறாது. எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். சப்ளை செய்கிற பையன் ஒருவன். அம்மாவுக்குத் துணையாகக் காய் நறுக்க வந்த பெண் ஒருத்தி. பந்தி ஓடுகிற நேரத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. மெஸ்ஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு நாலு மணிதான் மதியம். மிச்சம் இருக்கிற குழம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு எல்லோரும் உட்காருவோம். சுறாப் புட்டு அவளுக்கு ஆகாது. அன்றைக்கெல்லாம் அவள் இலைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் ரசமும் இரண்டு அப்பளமும் இருக்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்டதில்லை. வாழைப்பூ ஆய்கிற நாளில் அவள் விரல் எல்லாம் கறை பிடித்துக் கறுத்திருக்கும். ஒரு நாள் டீயை நீட்டுகிறான், பார்த்தால் அவன் விரலும் கறுத்திருக்கிறது. சப்ளை பார்க்கிறவன் கையில் வாழைப்பூக் கறை எப்படி வரும்? அப்போதுதான் எனக்கு விளங்கியது. இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. படத்தில் மழை வந்தது, மின்சாரம் போனது, மெழுகுவர்த்தி வந்தது. கையில் கறை மட்டும் வரவேயில்லை.

இந்த மண்ணின் காதலுக்கு என்னென்ன தடை, என்னென்ன அழகு என்று நீங்கள் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. நகரத்தாருக்கு ஒன்பது கோயில், ஒவ்வொரு குடும்பமும் அதில் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தது. பிள்ளையார்பட்டிக் கோயிலும் இரணியூர்க் கோயிலும் பங்காளி முறை, ஒருவருக்கொருவர் பெண் கொடுப்பதில்லை. கோயிலில் இருந்து மாலை வந்தால்தான் கல்யாணம், அதற்குப் பிறகுதான் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு குடும்பம், அதாவது ஒரு புள்ளி. மணமான மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு போட்டு, சாமான் கொடுத்து ‘வேறு வைக்கிற’ வழக்கமும் உண்டு. புதுசாகக் கல்யாணமான இரண்டு பேர், பெரியவர்கள் பார்த்திருக்க, தங்களுக்கென்று முதல்முதலாக அடுப்பு மூட்டுகிறார்கள். சாப்பாட்டையும் காதலையும் சேர்த்துப் படம் எடுக்க வந்தவர்கள் இதை எப்படி விட்டீர்கள் என்று எனக்கு ஆறவே இல்லை. அதோடு, இங்கே நகரத்தார் மட்டும் இல்லை. அடுப்படியில் நிற்பவர்களில் பலர் சுற்றுக் கிராமங்களில் இருந்து பஸ் ஏறி வருகிற வேறு சமூகத்துப் பெண்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் காதலிக்கிறார்கள், அவர்களுக்கு வருகிற தடை இன்னும் கடுமை. படத்தில் அவர்கள் தட்டு தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்ததோடு சரி.

முடிவைப் பற்றி ஊருக்குள் இரண்டு கட்சி. ஜோடி சேர்ந்ததே போதும், மனசு நிறைந்தது என்கிறவர்கள்தான் அதிகம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நாள் முழுக்க உழைத்துவிட்டு ராத்திரி ஒரு நல்ல முடிவைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் கடைசிக் காட்சியில் மெஸ் ஏசி ரெஸ்டாரண்ட் ஆகிவிட்டது, கோட்டு போட்ட புது ஆட்கள் பரிமாறுகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி மெதுவாகக் கேட்டார்: ‘அந்தப் பழைய ஆளுகள்லாம் எங்க போனாக?’ படத்தில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த படத்திலாவது எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். படத்தில் இலை நிறைய வைத்துக் காட்டினீர்களே, அந்தச் சாப்பாட்டை நம் ஊர்ப் பெண்கள்தான் சமைத்துக் கொடுத்திருப்பார்கள். முடிவில் ஓடிய பெயர்களில் கார் ஓட்டியவர் பெயர் வரைக்கும் இருந்தது, நல்ல காரியம். சமைத்தவர்கள் பெயரைத் தேடினேன், இல்லை. மறுபடி ஒளிபரப்பும்போது சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியில் இருந்து ஒரு மெஸ்காரம்மா