தொட்டியின் அடியில் மணலா, கல்லா?

திருகோணமலை

அன்பு மகனுக்கு,

நாங்கள் இங்கே சுகம். உன் மீன் தொட்டியில் கிடக்கிற கல்லை எடுத்துவிட்டு மணல் போடலாமா என்று நேற்றுப் போனில் நீ கேட்டதற்கு எழுதியே பதில் அனுப்புகிறேன். கதைத்தால் பாதி விட்டுப்போகும். ஆறுதலாக இருந்து வாசி.

மணல் போடுவதா கல் போடுவதா என்பதைக் கண்ணுக்கு வடிவு எது என்று பார்த்து முடிவெடுக்காதே தம்பி. அடியில் திரிகிற மீன் எது, அது எப்படித் தின்கிறது என்று பார். கப்பியும் டெட்ராவும் மட்டும் வைத்திருந்தாய் என்றால் எதைப் போட்டாலும் பரவாயில்லை என்றிருப்பேன். நீயோ அடியில் திரிகிற மீசை மீனான கோரியை (கோரிடோரஸ்) வாங்கி விட்டிருக்கிறாய். அவை தென் அமெரிக்க ஆறுகளில் மணலைக் கிளறித் தின்று பழகியவை. மூஞ்சியைக் கண் வரைக்கும் மணலுக்குள் புதைத்து, ஒரு வாய் அள்ளி, தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியாக விடும். அந்த மணல் இரண்டு பக்கமும் மெல்லிய நூலாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கல்லுக்கு மேல் அதால் இதைச் செய்ய முடியாது.

நீ அனுப்பிய வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுக்கு இடப்பக்க மீசை கட்டையாகத் தெரிகிறது. கூரான கல் உரசினாலும் மீசை தேயும், கல் இடுக்கில் அழுகிக் கிடக்கிற சாப்பாட்டாலும் கிருமி பிடித்துத் தேயும். அடியோடு போகவில்லை என்றால் சுத்தமான மணலில் மெல்ல மெல்ல வளர்ந்துவிடும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

எங்கள் ஊர் அயிரையும் இதே சாதிப் பழக்கம்தான். தம்பலகாமத்து வாய்க்காலில் பிடித்து மணல் போட்ட வாளிக்குள் விட்டால், அடுத்த நிமிடம் மீனைக் காணோம், இரண்டு கண் மட்டும் வெளியே தெரியும். இந்த மீனை 1846இல் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி முதன்முதல் விவரித்து எழுதினார். அவருக்குக் கிடைத்த மீன் எங்கள் கன்னியா வெந்நீரூற்றில் பிடித்தது. உனக்குச் சொல்லியிருக்கிறேனோ தெரியாது, எனக்கு அதில் பெரிய சந்தோசம்.

கல்லை நான் குறை சொல்லவில்லை. 2, 3 மில்லிமீற்றர் உருண்டைக் கல் என்றால் தண்ணீர் இடையில் ஓடும், அழுக்கைத் தின்கிற நல்ல பக்டீரியா நிறையத் தங்கும், செடியும் பிடிக்கும். ஆனால் எச்சம் எல்லாம் அடியில் இறங்கி ஒளிந்துகொள்ளும். குழாயைக் கல்லுக்குள் குத்தி உறிஞ்சினால்தான் வரும். மணலில் எல்லாம் மேலேயே கிடக்கும். பார்க்க அரியண்டமாக இருந்தாலும் எடுப்பது சுகம், குழாயை ஒரு விரல் உயரத்தில் பிடித்தால் போதும். இன்னொன்று, உன் தொட்டியில் அடியில் பிளேட் வைத்த பில்டர் இருந்தால் அதற்கு மேல் மணல் போடக்கூடாது, ஓட்டையெல்லாம் அடைபடும். அதைக் கழற்றிவிட்டு ஸ்பஞ்ச் பில்டர் வாங்கு.

இனி உப்புவெளிக் கடற்கரை மணல் ஒரு பை வேண்டும் என்று கேட்டாயே, அது வேண்டாம். உப்பைக் கழுவிவிடலாம், சிப்பித் தூளைக் கழுவ முடியாது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், பிஎச்சையும், அதாவது காரத்தையும், ஏற்றும். ஆபிரிக்காவில் மலாவி, தங்கனீக்கா ஏரிகளின் சிக்லிட் மீனுக்கு அது நல்லது, உன் கோரிக்கும் டெட்ராவுக்கும் கூடாது. கரையில் ஒதுங்கிய பவளக் கல்லும் அப்படித்தான். அதோடு பவளப்பாறை இருக்கிற நிலாவெளிப் புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கேயிருந்து ஒரு துண்டும் எடுக்கக்கூடாது, உன் கூட்டாளிமாருக்கும் சொல்லு.

மதில் கட்ட இறக்கிய ஆற்று மணல் பின்வளவில் கொஞ்சம் மிச்சம் கிடக்கிறது. சீமெந்து படாத பக்கத்தில் ஒரு கரண்டி எடுத்து வினாகிரி விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. நுரைத்திருந்தால் சிப்பி கலந்திருக்கிறது என்று அர்த்தம். விரலுக்கிடையில் உருட்டியும் பார்த்தேன், குத்தவில்லை. அப்பா நுளம்பு வலையில் அரித்துத் தருகிறேன் என்றார். உன்னுடையது 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம். 4 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போட்டால் 7 லீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும், நிறுத்தால் 11, 12 கிலோ. அதற்கு மேல் போடாதே. ஆழத்தில் காற்றுப் போகாமல் மணல் கறுத்து, கூழ்முட்டை நாற்றம் வரும். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் விரலால் மெல்லக் கிளறிவிடு. கிளறும்போது மோட்டரை நிறுத்து, மணல் உள்ளே போனால் அரைத்துப் பழுதாக்கிவிடும்.

மணல் வந்ததும் வாளியில் போட்டுக் கையால் கிண்டிக் கலங்கலை ஊற்று. அரிசி களைகிற மாதிரித்தான், தண்ணீர் தெளிகிற வரைக்கும் திருப்பித் திருப்பிச் செய். சோம்பல்பட்டால் தொட்டி நாள்கணக்கில் பால் போல நிற்கும்.

கல்லை ஒரே நாளில் அள்ளி வெளியே கொட்டிவிடாதே தம்பி. இதுதான் முக்கியம். மீன் எச்சத்தில் இருந்து வருகிற நஞ்சான அமோனியாவைச் சாப்பிடுகிற பக்டீரியாவில் பாதி அந்தக் கல்லில்தான் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள். முதல் கிழமை மூன்றில் ஒரு பங்கை எடு, அடுத்த கிழமை இன்னொரு பங்கு. எடுத்த கல்லில் கொஞ்சத்தைப் பழைய நைலோன் காலுறையில் கட்டித் தொட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் வை, ஒரு மாதம் கழித்து எடுக்கலாம். அந்த நாள்களில் சாப்பாடும் குறைத்துப் போடு. ஸ்பஞ்சைப் பைப் தண்ணீரில் கழுவாதே, குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து கழுவு.

அப்பா ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்கு வருகிற பஸ்ஸில் இரண்டு பையாகக் கட்டி ஏற்றிவிடுவார். பாரம், நீ தனியே தூக்காதே, முச்சக்கரவண்டி பிடி. அதற்குள் மீசை கட்டையான மீனை இன்னொரு தரம் கிட்டவாக வீடியோ எடுத்து அனுப்பு. மீசை அடியில் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்
அம்மா