கத்தி வைக்குமுன்: துன்பியல் நாடகங்களைச் சுருக்கும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இயக்குநர்களே,

வணக்கம். முழுதாகப் போட்டால் நான்கு மணி நேரம் பிடிக்கும் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டைச் சுருக்கத்தான் வேண்டும். அதில் வழக்கில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கத்தி முதலில் ஒரே இடத்தில்தான் விழுகிறது. இந்த முறை உங்கள் இரண்டு மணி நேரப் பிரதியில் நார்வே இளவரசன் ஃபோர்டின்ப்ராஸ் இல்லவே இல்லை. ஹாம்லெட் கையால் தந்தை பொலோனியஸை இழந்த லேயர்டீஸ் கடைசியில் வாள் சுழற்ற மட்டும் வருகிறான்.

கேட்பது ஒன்றுதான்: ஒப்புப் பாத்திரங்களைக் கடைசியாக வெட்டுங்கள்.

நாடகக்காரர்கள் ஃபாயில் என்று சொல்வது இவர்களைத்தான். கல் பளிச்சிட அடியில் வைக்கும் மெல்லிய தகட்டின் பெயர் அது. வாட்போருக்கு முன் ஹாம்லெட்டே அந்தச் சொல்லை வைத்துச் சிலேடை பேசுகிறான். ஒப்புப் பாத்திரம் வில்லன் அல்ல. நாயகனுக்கு வந்த அதே நெருக்கடி இவனுக்கும் வரும்; இவன் வேறு முடிவெடுப்பான். தந்தையைப் பறிகொடுத்த மகன்கள் அங்கே மூன்று பேர். ஃபோர்டின்ப்ராஸ் படை திரட்டுகிறான், லேயர்டீஸ் அரண்மனைக் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான், ஹாம்லெட் யோசிக்கிறான். முதல் இருவரையும் எடுத்துவிட்டால் மூன்றாமவனின் யோசனையை எதை வைத்து அளப்பது?

நீங்கள் தூக்கிய ஓர் இடத்தை மட்டும் பாருங்கள். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. ஹாம்லெட்டின் தந்தையைக் கொன்ற மன்னன் கிளாடியஸ் மண்டியிட்டிருக்கிறான். பின்னால் ஹாம்லெட், உருவிய வாளோடு. பிரார்த்தனையில் இருப்பவனைக் கொன்றால் நேரே சொர்க்கம் போய்விடுவானே என்று விலகிவிடுகிறான். நான்காம் அங்கம், ஏழாம் காட்சியில் அதே மன்னன் லேயர்டீஸிடம், தந்தைக்காக என்ன செய்வாய் என்று கேட்கிறான். தேவாலயத்திலேயே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிறான் லேயர்டீஸ். கொலைக்கு எந்த இடமும் புகலிடமாகக் கூடாது என்று ஆமோதிப்பவன் யார்? மண்டியிட்டதால் மட்டும் உயிர் தப்பிய அதே கிளாடியஸ்! ஒற்றை வரிப் பதில் அது, மேடையில் சில நொடி. அதைத்தான் நேரமில்லை என்று எடுத்திருக்கிறீர்கள். விளைவு, ஹாம்லெட்டின் தயக்கம் வெறும் கோழைத்தனமாகத் தெரிகிறது. பக்கத்தில் அளவுகோல் இல்லாததால், பாவம், அந்த நடிகர் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு கத்தித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஹாம்லெட்டின் தந்தையின் ஆவி வரும்போது புகை விட மட்டும் நேரம் தாராளமாக இருக்கிறது. புகையைப் பார்த்துவிட்டுப் போகத்தான் அரங்கத்துக்கு வருகிறோம் போலும்.

மன்னனின் தடையை மீறிச் சகோதரனைப் புதைப்பவளைப் பற்றிய சோபக்ளீஸின் ‘ஆன்டிகனி’க்கும் இதே கதிதான். தங்கை இஸ்மெனி தொடக்கத்தில் பயந்து பின்வாங்குவதை வைத்துக்கொள்கிறீர்கள். பிறகு குற்றத்தில் தனக்கும் பங்குண்டு என்று சொல்லி அக்காளோடு சாகவும் துணிந்து நிற்பதை எடுத்துவிடுகிறீர்கள். முதல் காட்சியில் ஆன்டிகனியின் துணிவு தெரியும். இரண்டாவதில், தங்கையை உதறும் அவளுடைய கடுமை தெரியும். பாதியை வெட்டினால் இஸ்மெனி வெறும் கோழை, ஆன்டிகனி வெறும் சிலை. ‘மக்பெத்’தில் சூனியக்காரிகளின் வாக்கை மக்பெத்தின் தோழன் பாங்க்வோவும் கேட்கிறான், அவனுக்கும் ஆசை உண்டு, கெட்ட நினைவுகளை அடக்கும்படி இரவில் வேண்டிக்கொள்கிறான். அந்தச் சில வரி போனால் மன்னனை மக்பெத் கொன்ற குற்றம் முழுக்கச் சூனியக்காரிகள் தலையில் விழும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டோம், மன்னிக்கவும். வெட்ட இடமா இல்லை? ‘ஹாம்லெட்’டில் பொலோனியஸ் தன் வேலையாள் ரெய்னால்டோவுக்கு வேவு பாடம் எடுக்கும் எழுபது சொச்சம் வரி இருக்கிறது. சிறுவர் நாடகக் குழுக்களைப் பற்றிய அந்தக் காலத்து வம்பு இருக்கிறது. அரசவை ஆள் ஆஸ்ரிக்கின் தொப்பிக் கூத்தைப் பாதியாக்கலாம். அவையும் போதாவிட்டால் மட்டும் ஒப்புப் பாத்திரத்தின் பக்கம் வாருங்கள். அப்போதும் இணைக்காட்சி இரண்டையும் அடையாளமிட்டு, பேச்சைக் குறையுங்கள். முடிவெடுக்கும் வரியைத் தொடாதீர்கள்.

அடுத்த ஒத்திகைக்கு முன் மேலே சொன்ன ‘ஹாம்லெட்’டின் இரு காட்சிகளையும் அருகருகே வைத்து, நடிகர்களை ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். பத்து நிமிட வேலைதான்.

இப்படிக்கு,
நாடகப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும் சிலர்