எல் தொராதோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயாமாரே,

வணக்கம். கொலம்பியப் பாடகி ஷகிராவே உங்களைப் பன்மையில்தான் கேட்டார் என்பதால் நானும் பன்மையிலேயே விளிக்கிறேன்.

1995இல் வெளியான ‘பியெஸ் தெஸ்கால்சோஸ்’ ஆல்பம் லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பிய்த்துக்கொண்டு போன நேரம். அதற்காக ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தார் ஷகிரா, கொலம்பியாவின் பர்ரன்கியா ஊர்க்காரப் பெண். இருபதை ஒட்டிய வயது. தலைநகர் பொகோட்டாவின் எல் தொராதோ விமான நிலையத்தில் அவருடைய பெட்டி காணாமல் போனது. நகை, டாலர் என்று ஏதேதோ கணக்குப் போட்டுத்தான் தூக்கியிருப்பீர்கள். உள்ளே இருந்ததோ அடுத்த ஆல்பத்துக்கு எழுதி வைத்த பாட்டு வரிகள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல என்பார்கள் எங்கள் பக்கம். விற்கவும் முடியாது, வெளியில் சொல்லவும் முடியாது.

அவர் மறுபடி உட்கார்ந்து எழுதினார். 1998 செப்டம்பரில், 21 வயதில், அந்த ஆல்பம் வெளியானது. அதன் பெயரே உங்களுக்கான கேள்விதான்: ‘தோந்தே எஸ்தான் லோஸ் லத்ரோனெஸ்?’ திருடர்கள் எங்கே?

அட்டைப்படத்தைப் பார்த்தீர்களா? சடைசடையாகப் பின்னிய தலைமுடி, நம்மை நோக்கி விரித்த கைகள், அதில் கரியைத் தொட்ட மாதிரி அழுக்கு. பெட்டியைப் பறிகொடுத்தவர் தன் கையையே அழுக்காக்கிக் காட்டுகிறார். தலைப்புப் பாட்டிலும் அதே கதைதான். திருடர்களைக் கூரை மேல் பார்த்தார்களாம், பாரிஸில் உலாத்தக் கண்டார்களாம், நீதிமன்றத்தில் தண்டனை விதிக்கக் கண்டார்களாம். டை கட்டியும் இருப்பார்களாம், ஜீன்ஸ் போட்டும் இருப்பார்களாம். போதைப்பொருள் பணத்தில் தேர்தல் பிரசாரம் நடந்தது என்ற புகாரோடு கொலம்பிய அதிபர் எர்னெஸ்தோ சாம்பெர் ஆட்சி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் கொலம்பியாவில் இதைக் கேட்டவர்களுக்கு யார் முகமெல்லாம் நினைவுக்கு வந்திருக்கும்! அப்புறம் பாட்டு சட்டென்று திரும்புகிறது: ஒருவேளை திருடன் நானாகவே இருந்தால்? இந்தப் பாட்டைப் பாடுகிறவளாகவே இருந்தால்?

சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள், உங்களை ரொம்ப எளிதாக விட்டுவிட்டார்.

‘பெட்டி போனதால்தானே இவ்வளவு நல்ல ஆல்பம் கிடைத்தது’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். வீடு எரிந்ததால் வெளிச்சம் வந்தது என்கிற கதை அது. அதே ஆல்பத்தின் ‘ஒக்தாவோ தியா’ (எட்டாம் நாள்) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தைப் படைத்து முடித்த கடவுள், எட்டாம் நாள் சற்றுக் காலாற நடந்துவிட்டு வருகிறார். திரும்பி வந்தால் எல்லாம் தலைகீழ். அவரும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகும் வேலையில்லாதவர் கணக்கில் ஒருவராகிவிடுகிறார். இப்படி யோசிக்கத் தெரிந்தவர் முதல் தடவை எழுதியது மட்டும் மட்டமாகவா இருந்திருக்கும்?

எனக்குப் பிடித்தது ஐந்தாவது பாட்டு, ‘இனெவிதாப்லே’. கிடார் மெதுவாகத் தொடங்க, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். உண்மையைச் சொன்னால் எனக்குக் காபி போடத் தெரியாது, கால்பந்தும் புரியாது என்கிறது. கொலம்பியாக்காரி காபி போடத் தெரியாது என்று ஊரறியப் பாடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். (அதே ஆள்தான் 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ‘வாக்கா வாக்கா’ பாடினார், சரி, அது வேறு கதை.) அசட்டுக் குறைகளாக ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டே வந்து, பல்லவியில் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிடாரும் சேர்ந்து இடிக்கும்போது அந்தக் குரலும் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டிவிடும். ஸ்பானிஷ் தெரியாமலேயே பல வருடம் கேட்டேன். அர்த்தம் தெரிந்த பிறகு கேட்டது இன்னும் அதிகம்.

கடைசிப் பாட்டான ‘ஓஹோஸ் அசி’யில் அரபு வரிகள் வரும். அப்பா வழி லெபனான் ரத்தம். 2000இல் நடந்த முதல் லத்தீன் கிராமி விழாவில் இந்தப் பாட்டுக்கு ஒரு விருது, ‘ஒக்தாவோ தியா’வுக்கு ஒரு விருது. ஆக, அவருக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. குறைந்தது எங்களுக்குத்தான். அந்தப் பெட்டியில் இருந்த பாட்டுகளை நாங்கள் கேட்கவே இல்லையே.

உங்களுக்கும் இப்போது வயதாகியிருக்கும். பெட்டி வேண்டாம், துணிமணியும் வேண்டாம். தாள்கள் எங்காவது பரண்மேல் கிடந்தால், பெயர் போடாத உறையில் வைத்துத் தபாலில் அனுப்பிவிடுங்கள். எரித்துவிட்டீர்கள் என்றால், எரிக்கும் முன் படித்தீர்களா என்றாவது சொல்லுங்கள். காபி போடத் தெரியாது என்ற வரி அப்போதே அதில் இருந்ததா?