விளக்கு பொருத்தினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மண் தடங்களில் ஓட்டுவதற்கான டர்ட் பைக்கை மாற்றிச் சாலையில் ஓட்டுவது பற்றிய உங்கள் கட்டுரை விளக்கு, ஹாரன், கண்ணாடி, இண்டிகேட்டர் எனப் பொருத்த வேண்டியவற்றைச் சரியாகவே சொன்னது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் ஆவணத்தை. சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டு விற்ற வண்டியைச் சில இடங்களில் எவ்வளவு செலவு செய்தாலும் பதிவு செய்ய முடியாது. பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அப்புறம் ஸ்பேனரை எடுக்கலாம்.

அடுத்தது மின்சாரம். பந்தய வண்டிகள் பலவற்றில் எஞ்சினோடு சேர்ந்து மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் தருவது, எரிபொருளைப் பற்றவைக்கும் இக்னிஷனுக்கே சரியாக இருக்கும். அதிலேயே முகப்பு விளக்கையும் இணைத்தால் மங்கலாகத்தான் எரியும். கூடுதல் திறனுள்ள ஸ்டேட்டர், அதன் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், பேட்டரி எல்லாம் தேவைப்படும். எல்இடி விளக்குகள் போட்டால் சுமை குறையும். பிரேக் விளக்குக்கு முன், பின் இரண்டு பிரேக்கிலும் சுவிட்ச் வையுங்கள். முன்பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மண்ணைப் பற்றக் கட்டை கட்டையாகத் துருத்தி நிற்கும் பட்டன் டயருக்கு ஈரமான தார்ச்சாலையில் பிடிப்பு குறைவு. சாலைக்கான முத்திரை உள்ள டயர்தான் வேண்டும். சைலன்சர் சத்தத்தையும் சில இடங்களில் பதிவுக்கான சோதனையில் அளப்பார்கள்.

மண் தடப் பந்தயமான மோட்டோகிராஸுக்குச் செய்த எஞ்சினின் பராமரிப்பைக் கிலோமீட்டரில் அல்ல, ஓடிய மணிக்கணக்கில் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியைத் தினமும் வேலைக்குப் போக மாற்றுவது என் பார்வையில் வீண் செலவு. இரு பயன்பாட்டுக்கும் தொழிற்சாலையிலிருந்தே வரும் வண்டிகள் இருக்கின்றனவே! மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பது பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்