மூச்சை விடக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம். சூளகிரிப் பக்கம் கொத்தமல்லி, தக்காளி போடும் குடும்பம் எங்களுடையது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்கிறேன். தும்மினால், இருமினால், தக்காளிக் கிரேடைத் தூக்கினால் எனக்குச் சிறுநீர் கசிந்துவிடும். கல்யாணத்துக்குப் போனால் தண்ணீரே குடிக்கமாட்டேன். பிள்ளை பெற்ற உடம்பு, இப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

போன வருடம் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்யும் தங்கை வீடு தேடி வந்தார். (2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.) ஒருநாள் நான் அத்தையைத் தூக்கி உட்காரவைத்ததைப் பார்த்தவர், என்னைத் தனியே அழைத்தார். "தூக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிறீங்க அக்கா. கசிவு இருக்கா?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கவைத்தார். முழங்கால் மடங்கியிருக்க, ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசை கீழே இறங்கும், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையும் இளகிக் கொடுக்கும். விடும்போது இரண்டும் மேலேறும். அந்த நேரத்தில் சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல அடித்தசையை மேலே இழுக்க வேண்டும், அப்புறம் முழுசாகத் தளர விட வேண்டும். நானோ இத்தனை நாள் மூச்சை அடக்கி, வயிற்றை எக்கி, பாரத்தையெல்லாம் கீழேயே அழுத்தியிருக்கிறேன். ஒரு வேளைக்கு எட்டு தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் என்றார்.

அதற்கு முன்பே கிருமித்தொற்றோ கருப்பை இறக்கமோ இருக்கிறதா என்று பார்க்க டாக்டரிடம் கூட்டிப்போன கிராமச் செவிலியர் அம்மாவுக்கு என் நன்றி. கிரேடைப் பாதி மட்டும் நிரப்பித் தந்த வீட்டுக்காரருக்கும் நன்றி. முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியாமல் நான் விட்டுவிடப் பார்த்தபோது, விடியற்காலையில் வந்து கூடவே பாயில் படுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன சொல்வது! அவருக்கும் இதே தொந்தரவு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நாலாவது மாதம் சளி பிடித்து இரண்டு நாள் ஓயாமல் தும்மினேன். துணி நனையவில்லை. இப்போது கிரேடைத் தூக்கும்போது வாயால் மூச்சை ஊதிக்கொண்டேதான் தூக்குகிறேன்.

பிசியோ தங்கைக்கு: அத்தை இப்போது கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறார். அடுத்த முறை வரும்போது அக்கம்பக்கத்தில் இன்னும் மூன்று பேர் உங்களைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள்.