பத்து நிமிஷத்துக்கு 250 ரூபாய்

வள்ளியூர்

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதிக்கொண்டது.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய சம்பளச் சீட்டைப் பெரிசாக்கி ரெண்டு தரம் பார்த்தேன். அந்த ஜவுளிக்கடையில் 13,000 என்று பேசிச் சேர்த்தார்கள். கைக்கு வந்தது 9,292. பிடித்தம் மட்டும் 3,708. "எதுக்குப் பிடிச்சாங்கன்னே தெரியல, கேட்டா சூப்பர்வைசர் வள்ளுன்னு விழுதாரு" என்று போனில் சொன்னாய். போனில் நான் கணக்குச் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அந்தச் சீட்டையும் ஒரு பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி.

முதலில் லேட் என்று போட்ட 250. நீ பிந்தியது பத்து நிமிஷம். 13,000-ஐ 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி 500. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிஷம். அப்படியானால் பத்து நிமிஷத்துக்கு 10 ரூபாய் 40 காசு. வராத நேரத்துக்கு உரிய கூலிக்கு மேல் பிடிக்கச் சட்டத்தில் இடமே கிடையாது. அரை நாள் கட் என்பதெல்லாம் அவர்களாகப் போட்டுக்கொண்டது. லீவுக்கு 1,000 பிடித்ததும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் என்பதற்காக நீ எடுத்த ஒரு நாள் லீவுக்கு ரெண்டு நாள் கூலியைப் பிடிக்க முடியாது. 500-தான்.

அந்த 500-ம்கூடப் போயிருக்க வேண்டியதில்லை, மக்கா. தமிழ்நாடு கடைகள் சட்டம் 1947-லேயே வந்தது. அதில் வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பும் 12 நாள் நோய் விடுப்பும் சம்பளத்தோடு உண்டு. நீ வாயால் சொல்லிவிட்டுப் போயிருப்பாய். ரெஜிஸ்டரில் அது 'ஆப்சென்ட்'. இனி லீவு வேண்டுமென்றால் ரெண்டு வரி எழுதிக் கொடு. கொடுக்குமுன் அதைப் படம் எடுத்துக்கொள்.

'ஸ்டாக் குறைவு 800' என்ற வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாடியில் துணி குறைந்தால் அங்கே நிற்கிற எல்லாப் பிள்ளைகள் தலையிலும் பங்கு போடுவது. பொருள் தொலைந்ததற்குப் பிடிக்க வேண்டுமென்றால் அது உன் கவனக்குறைவால் போனது என்று காட்ட வேண்டும், உன்னிடம் விளக்கம் கேட்க வேண்டும், போன மதிப்புக்கு மேல் ஒரு பைசா பிடிக்கக் கூடாது. அபராதம் என்று பேர் மாற்றினாலும் தப்ப முடியாது. மாதத்தில் அபராதம் மொத்தமும் கூலியில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. உனக்கு அது 390 ரூபாய். அதற்கும் முதலில் விளக்கம் கேட்டாக வேண்டும்.

அடுத்தது பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி. இங்கேதான் சம்பளப் பட்டியல் போட்டுப் பழகின என் கண்ணுக்கு ஒன்று தட்டுப்பட்டது. 1,560 பிடித்திருக்கிறார்கள். அது 13,000-க்கு 12 சதவீதம். ஆனால் ஒரு நாள் கூலியைக் கழித்துவிட்டால் அந்த மாதச் சம்பளம் 12,500. அதற்கு 1,500-தான் வரும். ஈ.எஸ்.ஐ. என்கிற மருத்துவக் காப்பீட்டுக்கு முக்கால் சதவீதம், 98 பிடித்திருக்கிறார்கள், 94-தான் வர வேண்டும். லீவுக் கழிவைச் சம்பளத்தில் காட்டுகிறார்கள், பி.எஃப். கணக்கில் காட்டவில்லை. மத்திய அரசின் உமங் செயலியில் யூ.ஏ.என். என்கிற உன் 12 இலக்க பி.எஃப். எண்ணைப் போட்டு பாஸ்புக்கைத் திற. அந்த மாதத்துக்கு நேரே மூன்று தொகை இருக்க வேண்டும்: உன் பங்கு 1,500, முதலாளி பங்கு 459, பென்ஷன் 1,041. உன் பங்கில் 1,560 ஏறியிருந்தால் கணக்குப் பிழை என்று விட்டுவிடலாம், பணம் உன்னிடம்தான் இருக்கிறது. 1,500 ஏறியிருந்தால் அந்த 60 ரூபாய் எங்கே போனது என்று கேட்க வேண்டும். ஒன்றுமே ஏறவில்லையென்றால் அது பெரிய குற்றம், பி.எஃப். அலுவலகத்துக்கே நேராக எழுதலாம். முதலாளி பங்கையும் உன் சம்பளத்திலேயே பிடிக்கிற கடைகளும் உண்டு. உன் சீட்டில் அது இல்லை.

ஆகப் பிடித்திருக்க வேண்டியது 1,500, 94, 500, 10. மொத்தம் 2,104. கூடப் பிடித்தது 1,604.

இதெல்லாம் சில்லறை. பெரிய பணம் சீட்டிலேயே இல்லாததில் இருக்கிறது. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நிற்கிறாய். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனால் 11 மணி நேரம். கடையில் வேலை நேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 48. ஓ.டி. என்கிற கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது. எட்டுக்கு மேல் பார்த்ததற்கு ரெட்டைக் கூலி. மணிக்கு 62 ரூபாய் 50 காசு, ரெட்டித்தால் 125. மூன்று மணிக்கு 375. 26 நாளுக்கு 9,750! உன் கைக்கு வந்த சம்பளத்தைவிட அதிகம். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் நின்ற நேரம் இதில் சேரவில்லை. கேட்கும்போது ஒரு சூட்சுமம் செய்வார்கள்: லீவுக்குக் கழிக்கையில் 26-ஆல் வகுப்பார்கள், ஓ.டி. கொடுக்கையில் 30-ஆல் வகுப்பார்கள். ரெண்டுக்கும் ஒரே எண்ணைப் போடச் சொல்.

வார விடுமுறை யாரும் போடுகிற பிச்சை இல்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்று வாங்கியவற்றில் ஞாயிற்றுக்கிழமை லீவும் ஒன்று. அன்றைக்குத் தூத்துக்குடியும் நம்ம ஜில்லாதான். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இவற்றோடு இன்னும் ஐந்து பண்டிகை நாள். இந்த ஒன்பதில் வேலை வாங்கினால் அன்றைக்கு ரெட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று லீவு.

உட்காருவதற்கு ஸ்டூல் கேட்டதற்குத் திட்டினார்கள் என்றாய். 2021-ல் கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும் என்று எழுதியாயிற்று. அதை நீ தனியாகக் கேட்காதே. உங்கள் மாடிப் பிள்ளைகள் பத்துப் பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.

இனி ஆதாரம். அம்மாவின் பீடி பாஸ்புக் ஞாபகம் இருக்கிறதா? கொடுத்த இலை, கொடுத்த தூள், வாங்கிய பீடி என்று கடைக்காரர் எழுதுவார். அவள் அதை நம்பிச் சும்மா இருப்பதில்லை. கட்டுக்கு 25, ஆயிரத்துக்கு 40 கட்டு, அதில் எத்தனை கழித்தார்கள் என்று காலண்டர்த் தாளின் பின்னால் தனியாக எழுதி வைப்பாள். நீயும் 40 பக்க நோட்டு ஒன்று போடு. தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பிட விட்ட நேரம். அன்றன்றைக்கு எழுது. மாசக் கடைசியில் ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதினது பார்த்தாலே தெரிந்துவிடும், விசாரணையில் நிற்காது. "நாளை 9 மணிக்கே வரணும்" என்று சூப்பர்வைசர் குரூப்பில் போடுவதை எல்லாம் படம் எடுத்து எனக்கும் அனுப்பி வை. போன் தொலைந்தால் ஆதாரமும் போய்விடும்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே. வவுச்சரில் 'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அடித்திருந்தால் கையெழுத்துக்கு மேலே 'பிடித்தத்தை ஏற்கவில்லை' என்று எழுதிப் போடு. கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதே, அவர்களுக்கு அதுதான் வேண்டும். ஆறு மாசத்துக்கு மேல் வேலை பார்த்த ஆளைத் தக்க காரணமும், ஒரு மாச நோட்டீஸோ அதற்குப் பதில் ஒரு மாசச் சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. உனக்கு எட்டு மாசம் ஆயிற்று. அப்படியே அனுப்பினால் 30 நாளுக்குள் மேல்முறையீடு போட வேண்டும். அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு.

இப்போதைக்கு ஒரு கடிதம் போதும். சூடாக எழுத வேண்டாம். எந்த மாதம், எந்தப் பிடித்தம், எவ்வளவு, என்ன கணக்கு. பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. அதில் ஒப்புகையோடு அனுப்பு, நகல் ஒன்று உன்னிடம் இருக்கட்டும். பதினைந்து நாள் பார்ப்போம். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் மனு. ஆறு மாசத்துக்கு மேல் ஆறப் போடாதே. பிந்தப் பிந்த ரெஜிஸ்டரை மாற்றி எழுத அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

அந்தக் கடிதத்துக்கு ஒரு மாதிரியை நான் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தொகைகளைச் சீட்டோடு ஒருதரம் ஒத்துப்பார்த்துவிட்டு உன் கையெழுத்திலேயே எழுது. கோயில் கொடைக்கு வரும்போது பேங்க் பாஸ்புக்கையும் எட்டு மாசச் சீட்டையும் எடுத்து வா, மற்ற மாசங்களையும் பார்த்துவிடலாம்.

அப்பா