தூணைத் தூக்குவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலியைப் பற்றி நீ ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். எனக்கும் அப்படித்தான் என்பதோடு அதை முடித்துக்கொள்கிறேன். இரவுப் பணியை விட்டுவிட்டேன். இப்போது மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதோடு சரி.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் உன் கடைசிப் பக்கம். தொடைவரை இடிபாட்டில் சிக்கியவர் ஆறு மணி நேரம் உங்கள் மீட்புக் குழுவோடு பேசிக்கொண்டே இருந்தார். தூணைத் தூக்கிய கால் மணி நேரத்தில் இறந்துபோனார். "நாங்கள் தூக்கியதுதான் அவரைக் கொன்றதா?" என்று கேட்டிருக்கிறாய். அவரைப் பார்க்காத நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீ விவரித்திருப்பது நசிவுக் காயத்தின் இலக்கணம் பிசகாத கதை. தூக்கியது தவறில்லை, தூக்காமல் எப்படி விடுவது? தூக்குவதற்கு முன்பே அவர் கையில் சலைன் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும்.

அந்தப் பாரம் ஒரு மடையைப் போலத் தடுத்து நிற்கிறது. நசுங்கிய தசையிலிருந்து கசியும் பொட்டாசியமும் அமிலமும் தசைப் புரதமான மயோகுளோபினும் காலுக்குள்ளேயே தேங்கிக் கிடக்கின்றன. பாரம் நீங்கியதும் எல்லாம் ஒரே பாய்ச்சலில் இதயத்துக்குப் போகின்றன. அதே நேரத்தில் இரத்தத்தின் நீர் லிட்டர் கணக்கில் அந்தக் காலுக்குள் இறங்கி, கால் வீங்கிக் கல்லாகிறது. முதல் அடி பொட்டாசியம்; அது இதயத்தை நிறுத்திவிடும். அதற்குத் தப்பியவரின் சிறுநீரகத்தை மயோகுளோபின் அடைக்கிறது. என் முதல் நோயாளியின் சிறுநீர்ப் பையை இன்னும் மறக்கவில்லை. பால் சேர்க்காத தேநீரின் நிறம், அடியில் இரண்டு விரற்கடை அளவுதான். லண்டன் குண்டுவீச்சில் புதைந்து மீண்டவர்களிடம் இதைக் கண்டு 1941இல் பைவாட்டர்ஸும் பீலும் எழுதினார்கள்.

மருந்து என்ன என்று கேட்டாய். சொன்னால் ஏமாந்துபோவாய்: உப்புநீர். சாதாரண சலைன், பெரியவர்களுக்கு மணிக்கு ஒரு லிட்டர், ஆள் இன்னும் உள்ளே கிடக்கும்போதே. ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு திரவம் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. இ.சி.ஜி.யில் அலைகள் கூடாரம்போலக் கூர்ந்தால் பொட்டாசியம் ஏறிவிட்டது என்று பொருள்; அப்போது கால்சியம் குளுக்கோனேட். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்துக்கு அரை மணி, ஒரு மணி நேரம் கவசம் போடும், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் குளுக்கோஸோடு இன்சுலின் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ள வேண்டும். அமிலத்தைத் தணிக்கப் பைகார்பனேட், சிறுநீரைப் பெருக்க மானிட்டால் இரண்டையும் காலங்காலமாகக் கொடுத்துவருகிறோம். சலைனைவிட அவை கூடுதலாக எதையாவது சாதிக்கின்றனவா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. சிறுநீரே வராதவருக்கு மானிட்டால் கொடுப்பது ஆபத்து. சிறுநீரகம் நின்றுவிட்டால் டயாலிசிஸ்தான். துருக்கியின் 1999 மர்மரா நிலநடுக்கத்தில் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 639 பேரில் 477 பேருக்கு அது தேவைப்பட்டது.

இன்னொன்றும் கேட்டிருந்தாய்: இரத்தம் திரும்பி வருவதே எப்படித் தீங்காகும்? பட்டினி கிடந்த செல்லுக்குள் ஆக்சிஜன் திடுமென்று நுழையும்போது, அங்கே சேர்ந்து கிடக்கும் கழிவோடு வினைபுரிந்து தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்கள்) என்னும் நச்சு மூலக்கூறுகள் பிறக்கின்றன. கால்சியமும் உள்ளே வெள்ளமாய்ப் புகுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஒரு துளை திறந்துகொள்கிறது. அதோடு செல் முடிந்தது. அந்தத் துளையை அடைக்க ஒரு மருந்து இருக்கிறது, சைக்ளோஸ்போரின். மாரடைப்பில் அடைத்த குழாயைத் திறக்கும்போதும் இரத்தம் இப்படித்தான் திரும்புகிறது; 2008இல் 58 மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இதயத்தின் சேதம் குறைந்தது. அதைப் படித்துவிட்டு நான் வகுப்பில் துள்ளியது மாணவர்களுக்கு நினைவிருக்கலாம். 2015இல் 970 பேரிடம் சோதித்தபோது ஒரு பயனும் இல்லை. ஆய்வுக்கூட விலங்குக்கு எப்போது இரத்தம் நிற்கும், எப்போது திரும்பும் என்று ஆய்வாளருக்குத் தெரியும். மனிதனுக்கு நேரம் குறித்து விபத்து வருவதில்லை. இந்தத் துறையில் எத்தனையோ மருந்துகள் எலியிடம் வென்று மனிதனிடம் தோற்றிருக்கின்றன.

ஆகவே புதிய மாத்திரைக்குக் காத்திருக்காதே. இடிபாட்டுக்குள் ஊர்ந்துபோய், தெரிகிற ஒரு கையில் ஊசி போடத் தெரிந்த ஒருவர் உன் குழுவில் இருக்கிறாரா? முதலில் அதைப் பார். அடுத்த பயிற்சிக்கு என்னையும் கூப்பிடு. முழங்கால் ஒத்துழைத்தால் மேலே ஏறி வருகிறேன். இல்லாவிட்டால் சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறேன்.

உன் பழைய அறைத்தோழன்